கைவழியே கற்கும் சரித்திரம்

(நம் சங்கத்தின் கோடைக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இல்லத்தில் மக்களுக்குச் சரித்திரம் பயிற்றுவது எங்ஙனம் என்பதுபற்றிச் சில மொழியுமாறு நம் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் தமிழ் கற்றவன், சரித்திரப் புலவனல்லன். ஆயினும் இருபதாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகியவன். இரு மக்கட்குத் தந்தை. இவ்விரண்டு உரிமைபற்றியே ஈண்டு நிற்கத் துணிந்தேன். நம் குடும்பங்களுட் சில தம் மக்களைப் பள்ளிக்கு விடுக்காது இல்லத்திலேயே பயிற்றி வருகின்றன. ஏனைய குடும்பங்கள் பள்ளிப் படிப்பிற்குத் துணையாக மாலையிலும் விடுமுறையிலும் பயிற்றுகின்றன. யான் கூறப்போவது இருதிறத்தார்க்கும் பொதுவாம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் பொருட்டுப் பள்ளிகளெல்லாம் அடைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஒவ்வோர் இல்லமும் பள்ளியாயிற்று; பெற்றோர் யாவரும் ஆசிரியராயினர். ஒருநாள் யான் என் மகளுக்குத் தஞ்சைப் பெருங்கோயிலைப்பற்றிய பாடத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது வயது பத்து. "இதை இராசராசன்தான் கட்டினான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், அப்பா?" என்றாள். "புத்தகத்தில் இருக்கிறதே, அம்மா" என்றேன். "புத்தகம் எழுதியவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். யான் வாளா இருந்தேன். விடை அறியாமையால் அன்று. அக்கோயிற் சுவரிலேயே அவ்வரசன் தன் கொடைகளை வெட்டுவித்துள்ளான் என்பதும், ஹுல்ட்ஸ் என்னும் அறிஞர் அக்கல்வெட்டுக்களை 1891 முதல் அச்சிற் பதிப்பித்தார் என்பதும் யான் கற்றவையே. ஆனால் இருபதாண்டுகளில் ஒரு பிள்ளைக்கேனும் அவற்றை யான் எடுத்துச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு பொருளை அறிதற்குரிய வாயில்களை நம் முன்னோர் அளவை என்றனர். அவற்றுள் தலையாயவை மூன்று. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோலக் கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டறிவது உரை. நாமோ சரித்திரத்தை மக்கட்கு முழுதும் உரையாகவே ஊட்டுகின்றோம். ஆண்டுகளையும் பெயர்களையும் நெட்டுருப் பண்ணுவிக்கின்றோம். தேர்வு முடிந்த மறுநாள் அவை ஆற்றிற் கரைத்த புளியாகின்றன. அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. உரையை மட்டுமே பழகிய பிள்ளை, பின்னாளில் எவர் எதை உரைப்பினும் நம்பும். கைபேசி வழியே நாள்தோறும் எத்துணையோ பொய்ச் சரித்திரங்கள் வீடு புகுகின்ற இக்காலத்தில், காட்சியும் கருதலும் அறியாத பிள்ளை கையில் விளக்கின்றி இருளில் நடப்பவனை ஒக்கும். ஆதலின் சரித்திரத்தைக் கைவழியே கற்பித்தல் வேண்டும். இஃதே யான் இன்று சொல்ல வந்தது.

இம்முறை என் கற்பனையன்று. அமெரிக்க நாட்டிற் சிகாகோ நகரத்தில் ஜான் டூயி என்னும் தத்துவ ஆசிரியர் 1896 இல் ஒரு சிறு பள்ளியை நிறுவினார். அங்கே நிகழ்ந்த ஒன்றை 1899 இல் தாம் ஆற்றிய விரிவுரையில் அவர் எடுத்துரைக்கின்றார். பிள்ளைகளிடம் ஆட்டுமயிரும் கொட்டை நீக்காத பருத்தியும் கொடுக்கப்பட்டன. ஒரு கூட்டத்தார் முப்பது நிமிடம் கையால் உழைத்தும் ஓர் அவுன்சுக்குக் குறைவான பஞ்சையே பிரித்தெடுத்தனர். ஆட்டுமயிரோ எளிதிற் கைக்கு வந்தது. முன்னோர் பருத்தியினும் கம்பளியை மிகுதியாக உடுத்தது ஏன் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் விரல்களே சொல்லின. 1793 இல் எலி விட்னி என்பார் அந்நாட்டுப் பருத்திக்கேற்ற கொட்டை பிரிக்கும் பொறியை அமைத்தது எத்துணைப் பெரிய நிகழ்ச்சி என்பதும் இதனால் விளங்கும். அப்பொறியால் அந்நாட்டின் தென்பகுதியிற் பருத்திப் பயிர் பெருகிற்று. அதனோடு, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் துன்பமும் பெருகிற்று. ஒரு பிடிப் பருத்தி அத்துணைத் தொலைவு இட்டுச் செல்லும்.

நம் நாட்டிற்கும் இக்கொள்கை புதிதன்று. 1937 இல் காந்தியடிகள் வார்தாவிற் கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை முன்மொழிந்தார். 1939 இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றிற்கு வந்து, கையாற் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களைப் பயிற்றினார்.

நிற்க. எம் இல்லத்தில் யாங்கள் செய்து பார்த்தவற்றை இனிக் கூறுவேன். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

முதலாவது, காலக்கயிறு. பூக்காரம்மாள் பூவை முழம் போடுவதை அறியாத பிள்ளையில்லை. ஒரு நூற்றாண்டிற்கு ஒரு முழம் என்று வைத்துச் சணற்கயிறு ஒன்றை அளந்து, முழந்தோறும் முடிச்சிடுக. ஒரு முழத்திற்கு 24 விரல். எனவே ஒரு விரல் ஏறக்குறைய நான்காண்டாம். கயிற்றின் ஒரு நுனியை இன்று என்று கொள்க. பத்து வயதுப் பிள்ளையின் வாழ்நாள் இரண்டரை விரலளவே. நாடு விடுதலை பெற்ற 1947 முக்கால் முழத்திற்கருகில் நிற்கும். வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 இரண்டு முழத்தைச் சற்றே தாண்டி நிற்கும். கொல்லத்தில் முதல் தமிழ் அச்சுப்புத்தகம் வெளிவந்த 1578 நாலரை முழத்திற்கருகில். தஞ்சைப் பெருங்கோயில் முற்றுப்பெற்ற 1010 பத்து முழத்திற்குச் சற்று அப்பால். கயிறு மொட்டைமாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்றபோது என் மகன் வாய்திறந்து நின்றான். "முற்காலத்தில்" என்று ஒரே சொல்லால் நாம் கூறிவிடுவது எத்துணை நீளமுடையது என்பதை அவன் காலால் நடந்து கற்றான்.

இரண்டாவது, பருத்தி. கரிசற்காட்டு உறவினர் ஒருவரிடமிருந்து கொட்டையோடு கூடிய பருத்தி ஒரு பை பெற்றோம். பிரித்து நிறுத்தபோது, மூன்றிலொரு பங்கே பஞ்சு, ஏனையது கொட்டை. பஞ்சைத் தக்ளியில் திரித்தனர். நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு மாலை முழுதும் இருவரும் உழைத்து ஒருபாகம் நீளமுள்ள நூலையே காட்டினர். மதுரைக்கருகிலுள்ள கீழடியில் நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வில்லைகள் கிடைத்துள்ளன. அவற்றின் படத்தை அதன்பின்னர்க் காட்டினேன். முன்னர்க் காட்டியிருந்தால் ஓட்டை மண்வில்லை என்று புறக்கணித்திருப்பர். இப்போதோ, "இதைச் சுழற்றியவளுக்கும் நூல் அறுந்திருக்குமா, அப்பா?" என்று வினவினர். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரு பெண்மணி எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்தாள்.

மூன்றாவது, பானையோடு. அதே கீழடியில் 2014–15 இல் அகழாய்வு தொடங்கிற்று. அங்குக் கிடைத்த மாதிரியொன்று கி.மு. 580 ஐச் சார்ந்தது எனக் கரிமக் கணிப்பினால் அறியப்பட்டமை 2019 இல் வெளியாயிற்று. அவ்விடத்துப் பானையோடுகளில் பழந்தமிழ் எழுத்தில் ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பானை செய்த குயவரே அவற்றை எழுதினரா, பானையை வாங்கியோர் எழுதினரா? இவ்வினாவைப் பிள்ளைகளிடமே விடுத்தேன். மட்பாண்டம் வனையும் அன்பர் ஒருவரிடம் பச்சைமண் தட்டொன்றும் உடைந்த பானையோடு ஒன்றும் பெற்று, இரண்டிலும் ஆணியால் தத்தம் பெயரைக் கீறச் சொன்னேன். பச்சை மண்ணில் ஆணி செல்லுமிடத்து இருமருங்கும் மண் வரப்புப்போல் எழும்பிற்று. சுட்ட ஓட்டில் கோட்டின் விளிம்பு பொரிந்து உதிர்ந்தது. அகழ்ந்தெடுத்த ஓடுகளை ஆய்ந்தோரும் இத்தகைய அடையாளங்கொண்டே அவ்வெழுத்துக்கள் சுட்ட பின்னர்க் கீறப்பட்டவை என்றனர். எழுத்தின் சாயல் ஓட்டிற்கு ஓடு வேறுபடுதலின் அவை ஒருவர் கையெழுத்தல்ல என்றும் கூறினர். எனவே பானை வாங்கிய பலரும் எழுத்தறிந்திருந்தனர் என்பது கருதல். கோட்டின் விளிம்பு காட்சி. அதன்மேல் எழுந்தது கருதல். அளவை நூலை யான் ஆண்டுக்கணக்கிற் கற்றேன். என் மகள் அதனை ஓர் ஆணியாற் கற்றாள்.

நான்காவது, ஏடு. பனையோலையை ஈர்க்கு நீக்கி ஒரேயளவாக நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தினோம். மழுங்கிய ஊசியை மரப்பிடியிற் செருகியது எழுத்தாணியாயிற்று. எழுதியபின் விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்துத் தெளியும். மகள் மெய்யெழுத்தின்மேற் புள்ளி வைத்தாள், ஓலை பொத்துவிட்டது. ஏடெழுதினோர் புள்ளியை விடுத்தது ஏன் என்று யான் சொல்ல வேண்டியதில்லாமற் போயிற்று. எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடுவது பண்டை வழக்கம். புள்ளி மறையவே எகரமும் ஏகாரமும் ஒன்றாயின. எரி எது, ஏரி எது என்பது இடம்நோக்கி அறியவேண்டியதாயிற்று. இக்குறையை வீரமாமுனிவர் (1680–1747) எழுத்துத் திருத்தத்தால் நீக்கினார்.

பின்னர் ஒரு விளையாட்டு. என் தாயார் சொன்ன நாரத்தங்காய் ஊறுகாய்க் குறிப்பை மகள் ஏட்டில் எழுதினாள். அதைப் பார்த்து மகனும், மகன் ஏட்டைப் பார்த்து என் மனைவியும், அவள் ஏட்டைப் பார்த்து யானும் எழுதினோம். நான்காம் ஏட்டில் உப்பு இருமடங்காயிற்று. வெயிலில் வைக்கும் நாட்கணக்கே விடுபட்டது. என் தாயார் கேட்டு, "இந்த ஊறுகாயை எவர் வாயில் வைப்பார்?" என்று நகைத்தார். நான்கு ஏட்டில் இத்துணைப் பிழையாயின், பல நூற்றாண்டுகளாகப் பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887 இலும், சிலப்பதிகாரத்தை 1892 இலும், புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்களின் உழைப்பு எத்தகையது என்பதைப் பிள்ளைகள் அன்று உணர்ந்தனர். யானும் அன்றுதான் மெய்யாக உணர்ந்தேன்.

பெரியோர்களே! இதுகாறும் கூறியவை இனிமையானவை. ஐந்தாவதாகக் கூறவேண்டியது அத்தகையதன்று; ஆயினும் மறைத்தல் தகாது.

பழைய ஓலை ஏதேனும் உண்டோ என்று எம் வீட்டுப் பரணைத் தேடினோம். சுவடிக்கட்டுக்களை என் பாட்டனார் காலத்திலேயே ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டனர் என்று என் தாயார் கூறினார். ஒரு தகரப்பெட்டி மட்டும் இருந்தது. அதனுள் நிலப்பத்திரங்களுக்கிடையே ஒரு கடன்சீட்டு. பண்ணையாள் ஒருவர் தம் மகளின் திருமணச் செலவிற்கு 20 ரூபாய் பெற்றுக்கொண்டு, அது தீருமளவும் தாமும் தம் மகனும் எம் நிலத்தில் உழைப்பதாக ஒப்பியிருந்தார். கடன் தீர்ந்ததென்னும் குறிப்பு அதில் இல்லை. அடியில் அவருடைய பெருவிரல் ரேகை.

அச்சீட்டை மடித்து மறைக்கவே என் கை முந்திற்று. மகள் அதற்குள் படித்துவிட்டாள். சிறிதுநேரம் அந்த ரேகையையே நோக்கியிருந்தாள். பின்னர், "கீழடியில் ஆதன் தன் பெயரைத் தானே எழுதினான். இவருக்கு ஏன் எழுதத் தெரியவில்லை, அப்பா? நடுவில் என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

அன்பர்களே, இருபதாண்டு ஆசிரியத் தொழிலில் இதனினும் நல்ல சரித்திர வினாவை யான் கேட்டதில்லை. இதற்கு விடையாக யான் சொல்லக்கூடியது ஒன்றே. எழுத்து எம் வீட்டில் இருந்தது. அவர் வீட்டிற்குச் செல்லவில்லை. செல்லாதிருந்ததால் எம் முன்னோர்க்கு ஊதியம் இருந்தது. இதனைச் சொல்ல நாக்கூசிற்று, ஆயினும் சொன்னேன். பின்னர் அச்சீட்டிற்கும் காலக்கயிற்றில் ஒரு துணித்துண்டு கட்டினோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 இல் நிறைவேறிற்று. அஃது இன்றிலிருந்து அரை முழத் தொலைவிலேயே நிற்கின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதல் நுழைந்த 1939 ஒரு முழத்திற்கும் இப்பாலே நிற்கின்றது. பெருமைகளைப் பத்து முழத்திற்கு அப்பாலும் இருபது முழத்திற்கு அப்பாலும் சென்று தேடும் நாம், கைக்கெட்டும் தொலைவிலுள்ள இவற்றைக் காணாது தாண்டிப் போகின்றோம்.

நம் குலத்தின் தோற்றம்பற்றி நம் மேடைகளிலும் இதழ்களிலும் பல கதைகள் வழங்குகின்றன. யானும் சொல்லியிருக்கின்றேன். அவற்றைச் சொல்லற்க என்று கூற யான் வரவில்லை. அவை உரை என்று சொல்லிச் சொல்லுக என்பதே என் வேண்டுகோள். ஓட்டில் ஆதன் பெயர் உண்டு. அவன் எக்குலத்தான் என்பது அவ்வோட்டில் இல்லை. அவனைத் தம் குலத்தான் என்று உரிமை பாராட்ட எக்குலத்திலும் ஆள் உண்டு! நாம் சொன்னதனைத்தையும் நம் பிள்ளை நம்பவேண்டும் என்று விரும்பினால், நாளை அயலான் சொல்வதனைத்தையும் நம்பும் பிள்ளையையே வளர்த்தவராவோம். "எப்படித் தெரியும்?" என்று நம்மையே கேட்கும் பிள்ளையை வேறொருவர் எளிதில் ஏமாற்ற இயலாது.

இனி, செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லி முடிப்பேன். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு காலக்கயிறு கட்டுக. திங்களுக்கு ஒரு ஞாயிறேனும் ஒரு பொருளைக் கையாற் செய்க. செய்து முடித்தபின், கண்டது, கருதியது, கேட்டது என மூன்று பத்தியாகப் பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதுக. இம்மூன்று பத்தியும் இல்லையேல் நூலும் ஓலையும் வெறும் விளையாட்டாய் முடியும். வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரிடம் பிள்ளைகளை அனுப்பி, அவர்கள் உண்டதும் உடுத்ததும் நடந்து சென்ற வழியும் கேட்டெழுதச் செய்க. அவர்களே நம் இல்லத்துச் சுவடிகள். அவர்களுக்குப் படி கிடையாது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. கோயிற் கல்வெட்டுக்களின்மேல் எண்ணெயோ சுண்ணமோ தடவிப் படிக்க முயலற்க. சாய்வெயிலில் நின்று நோக்கின் எழுத்துத் தானே நிழலால் தெளியும். தொல்லிடங்களிற் கிடக்கும் ஓட்டையும் காசையும் எடுத்து வரற்க. கிடந்த இடத்தை விட்டு நீங்கிய ஓடு, சொல்லவேண்டியதை மறந்துவிட்ட சாட்சி. மண்ணிற் புதையுண்ட பொருள் கிடைப்பின் ஆட்சித்தலைவர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டுச் சட்டம்.

கடைசியாக, பரணிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓலைக்கட்டு இருப்பின் ஆற்றில் விடாதீர்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், உ. வே. சாமிநாதையர் நூலகமும் இத்தகையவற்றைப் பேணுதற்கென்றே உள்ளன. கடன்சீட்டு இருப்பின் அதையும் கிழித்தெறியாதீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் செய்த பொருள்களை இம்மண்டபத்தில் ஒரு மேசைமேல் வைப்போம். எம் வீட்டுக் கயிற்றை யான் கொண்டுவருவேன். அந்தத் துணித்துண்டும் அதிலேயே இருக்கும். அச்சீட்டிலுள்ள பெயரும் ஊரும் கொண்டு அவர் வழியினரை என் மகள் தேடிக்கொண்டிருக்கின்றாள். கண்டறிந்தால் அச்சீட்டை அவர்களிடம் காட்டி, அவர்கள் வீட்டில் வழங்கும் சரித்திரத்தையும் கேட்டெழுத எண்ணியிருக்கின்றோம். அதுவும் சேர்ந்தாலன்றி எம் குடும்பச் சரித்திரம் நிறைவெய்தாது.